தரைத் தளத்துக்கு ஏறும் வழி

அந்த வட்டாரத்தில் "சதுரடி" என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா படுத்துக் கிடக்கிறது. வீட்டுத் தரகில் இறங்கியதிலிருந்து மனிதருக்கு எதைப் பார்த்தாலும் சதுரடியில் அளந்துவிடுகிற வியாதி. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போனால், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்த ரூம் நூத்தியிருபது இருக்குமா?" என்று வாய் முந்திக்கொள்ளும். மாமனாரை அடக்கம் செய்த இடத்தில் அவர் என்ன கேட்டார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

நல்ல தரகர் பொய் சொல்ல மாட்டார், உண்மைக்குக் கொஞ்சம் பவுடர் பூசுவார். பஸ் நிறுத்தம் இரண்டு நிமிஷம் என்பார்; ஓடிப்போனால் இரண்டு நிமிஷம்தான். அமைதியான இடம் என்றால் பால் வண்டிகூட எட்டிப் பார்க்காத இடம். கலகலப்பான இடம் என்றால் சுவர் மெல்லிசு. கேட்கிறவர்களுக்கும் இதெல்லாம் தெரியும், தெரிந்தே தலையை ஆட்டுவார்கள். ஆனால் "அக்கம்பக்கம் தங்கமான மனுஷங்க" என்று ஒரு வரி உண்டே, அதை மட்டும் சதுரடி நிஜமாகவே நம்பிச் சொல்லி வந்தார். நாலு வீடு சேர்ந்திருந்தால் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையாகத்தானே இருப்பார்கள், இல்லாவிட்டால் எதற்கு மெனக்கெட்டுச் சேர்த்துக் கட்டுகிறார்கள் என்று நினைத்தார். தரகர்களிலும் இப்படி ஓர் அப்பாவி, என்ன செய்வது.

இப்போது அவருடைய அக்காவுக்கே ஒரு வீடு தேவைப்பட்டது. அக்கா வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு பக்கவாதம் வந்து இடது பக்கத்தைச் சாய்த்துவிட்டது. கை ஓரளவு தேறியது, கால்தான் முரண்டு பிடித்தது. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அன்றிலிருந்து மாமா ஜன்னலோடு சரி. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு ஆள் தூக்கிப் போக வேண்டும். தூக்குகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் முணுமுணுப்பதை அவர் கேட்டுக்கொண்டே வர வேண்டும். தினமும் சமதரையில் நடந்தால் கால் திரும்ப வரும், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஊருக்கெல்லாம் வீடு பாத்துத் தர்றே. அவரு ஒண்ணும் மாளிகை கேக்கல. கதவைத் திறந்தா கால் தரையில படணும், அவ்ளோதான்" என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். சதுரடி அன்றைக்கே தேட ஆரம்பித்தார்.

நாயாக அலைந்து ஒரு வீட்டைப் பிடித்தார். தரைத் தளமும் அதன்மேல் நாலு மாடியும் கொண்ட வளாகம். தரைத் தளத்தில் ஒரு வீடு காலி. வாசலில் படியே கிடையாது, கதவைத் திறந்தால் நேரே சிமெண்டுத் தரை, அதைத் தாண்டினால் மர நிழலில் நடைபாதை, அதற்கும் அப்பால் பஸ் போகிற சாலை. மாமாவுக்கென்றே அளவெடுத்துக் கட்டிய வீடு என்று சதுரடி கூத்தாடினார். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார், போனில் பேசியதுமே சம்மதித்துவிட்டார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. சங்கத்துல மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார்.

கிழிந்தது போங்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியது தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்வதற்காக. மோட்டார் பல தடவை செத்துப் பிழைத்துவிட்டது. சங்கம் மட்டும் ஒரு தலைவலிகூட இல்லாமல் ஊதிப் பெருத்தது. இப்போது அதன் பெயர் குடியிருப்போர் நல்லிணக்கச் சங்கம். தண்ணீர் வரவில்லை என்று யாராவது போனால், "அதெல்லாம் சின்ன விஷயம்ங்க" என்று அனுப்பிவிடுவார்கள். சங்கத்துக்குப் பெரிய விஷயங்கள் இருந்தன. எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கலாமா, சிரித்தால் பல் தெரியலாமா என்று முடிவு செய்ய ஒரு புன்னகைக் குழு. அடுத்த வீட்டு வாசலில் எத்தனை அடி தள்ளி நின்று பேசலாம் என்று முடிவு செய்ய ஓர் இடைவெளிக் குழு. இந்த இரண்டு குழுவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு சமாதானக் குழு போட்டார்கள்; அதில் இருந்தவர்கள் அடித்துக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டார்கள்.

சங்க அலுவலகம் பழைய மோட்டார் அறைதான். மோட்டாரை வெளியே மழையில் வைத்துவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். தலைவர் எடை அளவு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். எந்தச் சொல்லையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகே வெளியே விடுவார், விட்டால் நிறுத்த மாட்டார். பக்கத்தில் செயலாளர் அம்மா. சங்கத்தின் உபவிதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணோடு சொல்வார் என்று சொல்லிக்கொண்டார்கள். எழுப்பிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

சதுரடியும் அக்காவும் எதிரே உட்கார்ந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது வெறும் கட்டடம் இல்ல, சமூகம். நான் பெருமையா சொல்லுவேன், இந்த வளாகத்துல இன்னிக்கு வரைக்கும் சண்டைங்கற பேச்சே கிடையாது. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?" என்றார் சதுரடி.

"பேச்சே கிடையாது."

செயலாளர் அம்மா கண்ணை மூடித் தலையசைத்தார். தலைவர் முன்னே சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் ரெண்டாவது மாடியில தனியா இருந்த ஒருத்தர் காலமாயிட்டார். எங்களுக்கு எப்போ தெரிஞ்சுது தெரியுமா? நல்லிணக்கக் கூட்டத்துக்கு வரலையேன்னு விளக்கம் கேட்டு ஆள் அனுப்பினப்போ. ஒரு சத்தம் இல்ல, யாரையும் கூப்பிடல, ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கல. மனுஷன்னா அவர் மனுஷன். அந்த வருஷத்தோட சிறந்த அண்டை வீட்டார் விருதை அவருக்குத்தான் குடுத்தோம். வாங்கிக்க யாரும் வரல, அது வேற விஷயம்."

அக்கா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னீங்க. முனகுவாரா?" என்று கேட்டார் செயலாளர் அம்மா.

"இல்லீங்க."

"வலி வந்தா?"

"பல்லைக் கடிச்சுக்குவார்."

"பல்லைக் கடிக்கற சத்தம் வெளியில கேக்குமா?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். நேரில் வந்து கேட்டுப் பார்த்துவிடுவதாகச் சங்கம் தீர்மானித்தது.

சொன்னபடியே வந்தார்கள். அக்கா வீடு மூன்றாவது மாடி என்று சொன்னேன் அல்லவா? முதல் மாடியில் தலைவர் செருப்பைச் சரி செய்கிற சாக்கில் நின்றார். இரண்டாவது மாடியில் சாக்குச் சொல்லாமலே நின்றார். மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய தராசு வார்த்தைகள் ஒன்றுகூட வெளியே வரவில்லை, கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார். செயலாளர் அம்மா சுவரில் சாய்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் படியில ஒரு நோயாளி எப்படிங்க ஏறி இறங்கறது? இதைக் கட்டினவங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று பொரிந்தார்.

"அதைத்தான் மேடம் நாங்களும் சொல்றோம்" என்று சதுரடி குஷியாகிவிட்டார். காரியம் முடிந்தது என்றே நினைத்தார்.

மாமாவை நடக்கச் சொன்னார்கள். அவர் கைத்தடியை ஊன்றி ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் நடந்தார். செயலாளர் அம்மா தரையோரமாகப் போனைப் பிடித்துச் சத்தத்தை அளந்தார். தடிக்கு ரப்பர் போட வேண்டும் என்று முடிவாயிற்று. காலுக்கும் போட முடியுமா என்று தலைவர் விசாரித்தார்.

"தூக்கத்துல பேசுவீங்களா?" என்று கேட்டார் செயலாளர் அம்மா.

"முழிச்சிருக்கும்போதே இப்பல்லாம் பேசறதில்லீங்க" என்றார் மாமா. "சர்வீஸ் பூரா கத்தியாச்சு. உள்ள போங்க, இடம் இருக்கு, உள்ள போங்க, இடம் இருக்குன்னு. சரக்கு தீந்துபோச்சு."

அக்கா சிரித்தாள். சதுரடியும் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை.

"இடம் இருக்கு, உள்ள வாங்கன்னு எல்லாரையும் கூப்பிடற பழக்கம். இது சமூக வாழ்க்கைக்கு ஒத்துவருமான்னு யோசிக்கணும்" என்று செயலாளர் அம்மாவிடம் கவலையோடு சொன்னார்.

யோசித்தார்கள். யோசித்த பிறகு, குடும்பத்தினர் ஓர் அவசர உதவி ஒத்திகையில் பங்குபெற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். யாராவது படிக்கட்டில் விழுந்துவிட்டால் சமூகம் எப்படிக் கைகொடுக்கும் என்று வருஷாவருஷம் நடத்திப் பார்ப்பது அந்த வளாகத்தின் வழக்கம். விழுகிற வேலை குடிவர விரும்புகிறவர்களுடையது. மாமாவை விழச் சொல்ல முடியாது என்று சங்கமே இரக்கப்பட்டு, அக்காவை விழச் சொன்னது.

அக்கா இரண்டாவது மாடித் திருப்பத்தில் படுத்துக்கொண்டாள். அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் போட்டுக் காற்றை மறிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே மணி அடித்ததும் எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தப்பட்டன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும், "நாங்கள் நலமாக இருக்கிறோம்" என்று சங்கத்துக்குச் செய்தி போனது. கடைக்குப் போய்த் திரும்பிய ஓர் அம்மாள் அக்காவைத் தாண்டும்போது நின்று, "ரொம்ப இயல்பா பண்றீங்க. போன வருஷம் விழுந்தவங்க சரியில்ல, நடுவுல எழுந்து தண்ணி கேட்டாங்க" என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

சதுரடி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வளாகத்தைக் கட்டிய புதிதில், சங்கம் முளைக்கும் முன்னால், பாதி வீடுகளை விற்றுக் கொடுத்தவர் அவர்தான். அக்கம்பக்கம் தங்கமான மனுஷங்க என்று இதே படியில் நின்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அந்த வரியை அன்றைக்கே வாயிலிருந்து துப்பிவிட வேண்டும் போல இருந்தது. அக்கா எழுந்து வந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "பாஸா தம்பி?" என்று கேட்டபோது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாஸ்தான். ஒத்திகையில் ஒருவரும் உதவிக்கு வராததால் யாருக்கும் சிரமம் ஏற்படவில்லை, ஆகவே வெற்றி என்று தலைவர் அறிவித்தார்.

"அப்போ சாவி மாத்திக்கலாமா சார்?" என்றார் சதுரடி.

"அறிமுகச் சுற்று பாக்கி இருக்கே" என்றார் தலைவர்.

இந்த அறிமுகச் சுற்றின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் லிஃப்ட் ரிப்பேராகி மாதக்கணக்கில் கிடந்தது. அப்போது நாலாவது மாடிக்குக் குடிவந்த ஒரு குண்டு மனிதர், மூச்சு முட்டி ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனார். நிற்கிற இடத்தில் யாராவது கதவைத் திறந்தால் மரியாதைக்கு ஒரு வணக்கம் வைத்தார். அவருக்கு மூச்சு இளைத்ததைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது சமூகம். இதுவல்லவோ அண்டை வீட்டுப் பண்பு என்று தலைவர் உருகி, அதை உபவிதி ஆக்கிவிட்டார். புதிதாக வருகிற குடும்பத்தின் தலைவர் லிஃப்டைத் தொடாமல், யார் கையையும் பிடிக்காமல், சொந்தக் காலில் நாலு மாடியும் ஏறி, ஒவ்வொரு வாசலிலும் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். அந்தக் குண்டு மனிதர் அப்புறம் இதயக் கோளாறு என்று காலி செய்துவிட்டுப் போனார். விதி போகவில்லை.

"மேடம், அவரால படி ஏற முடியாதுன்னுதானே கீழ் வீடு கேக்கறோம்?" சதுரடி ஏறக்குறைய கெஞ்சினார்.

"அது உங்க காரணம். விதிக்குக் காரணம் கிடையாது."

"விலக்குன்னு எதுவுமே இல்லீங்களா?"

"ஏன் இல்லாம? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?" செயலாளர் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "முடியாதவங்களுக்கு முழு விலக்கு உண்டு. தரைத் தளத்துல குடியிருக்கறவங்களா இருக்கணும், அவ்ளோதான்."

"அங்க குடிவரத்தானே மேடம்…"

"வந்ததும் விண்ணப்பிங்க. உடனே குடுத்துடுவோம்."

சதுரடி பிடித்த பிடியை விடாமல் பேசிப் பார்த்தார். நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். தூக்கிக்கொண்டு போனால் அது உங்களுடைய அறிமுகம் ஆகிவிடும் என்றார்கள். கீழேயே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன், எல்லோரும் வந்து போகும்போது வணக்கம் சொல்லட்டும் என்றார். இங்கே யாரும் அப்படிக் கீழே வந்து நிற்கிற வழக்கம் இல்லை என்றார்கள். வேறு வீடு பார்க்கலாம் என்றால், படியில்லாத வாசல் வேறு எங்கும் இல்லை. இருந்த ஒன்றிரண்டிலும் நோயாளி என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

மாமாவிடம் சொல்லாமல் மென்று முழுங்கினார். அக்கா முகத்தைப் பார்த்தே மாமா விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"நாலு மாடிதானே?" என்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டி எவ்ளோ நாளாச்சு?" என்று அக்கா சீறினாள்.

"ஒரு தரம் ஏறிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் ஏற வேணாம். யோசிச்சுப் பாரு. நல்ல பேரம் இது. இல்லையா மச்சான்?"

பேரம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டுவது சதுரடியின் பழக்கம். ஆட்டிவிட்டார். பிறகு அந்தத் தலையைத் தானே அறைந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

மாமா பயிற்சி எடுத்தார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று திட்டிக்கொண்டே ஒரு படி கீழே நிற்க, கைப்பிடியைப் பிடித்துப் பாதி மாடி இறங்கி ஏறினார். அப்புறம் ஒரு மாடி. கால் நடுங்கும், வேர்த்து ஊற்றும், ஆனால் முகத்தில் பழைய களை வந்தது. குடி போனதும் முதல் வேலையாகச் சாலை வரைக்கும் நடந்துபோய், தான் ஓட்டிய வழித்தடப் பஸ்ஸை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். கண்டக்டர் எப்போது பஸ் ஓட்டினான் என்று அக்கா கேட்டாள். நான் விசில் அடிக்காமல் எவன் ஓட்டியிருப்பான் என்றார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

குறித்த நாளன்று அவரை மெல்ல இறக்கி, வாடகை வண்டியில் ஏற்றி, வளாகத்துக்குக் கூட்டிப் போனார்கள். மாமா நல்ல சட்டை போட்டிருந்தார். சங்கத்தார் சுற்று முடியும் இடத்தில் வரவேற்பதாகச் சொல்லிவிட்டு லிஃப்டில் மேலே போனார்கள். சதுரடியும் அக்காவும் பின்னால் வரலாம், தொடக் கூடாது.

முதல் மாடியில் மாமா முதல் வாசலின் மணியை அடித்தார். "வணக்கம், நாங்க கீழ் வீட்டுக்கு…" என்று ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல், "பார்சலா? வெளியில வெச்சுட்டுப் போங்க" என்றது. அவர் கதவுக்கு வணக்கம் சொன்னார். அடுத்த கதவில் எட்டிப் பார்க்கிற துளை இருட்டானது, யாரோ கண்ணை வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு வணக்கம். மூன்றாவது வீட்டில் டி.வி. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, மணி அடித்ததும் அதுவும் நின்று, வீட்டில் ஒருவரும் இல்லை என்றாகிவிட்டது.

இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கே ஒரு கதவு சங்கிலியோடு திறந்தது. ஒரு கண்ணாடிக்காரர் மாமாவைத் தாண்டிச் சதுரடியைப் பார்த்தார்.

"தரகரா? நல்லவேளை வந்தீங்க. இந்த வீட்டை வித்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன். இங்க மனுஷன் இருப்பானா? தலைவருக்குத் தெரிய வேணாம்."

எதிர் வீட்டுக்காரருக்கும் அதே எண்ணம். மூன்றாவது மாடியில் இரண்டு வீட்டில் அதே கோரிக்கை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், கதவிடுக்கில் வாயை வைத்து, வேறு எங்காவது, சீக்கிரமாக என்றார்கள். அத்தனை பேரும் சதுரடியிடம் பேசினார்கள். வணக்கம் சொல்லிக்கொண்டு நின்ற மனிதரிடம் ஒருத்தரும் பேசவில்லை.

"மாமா, போதும். இறங்கிடலாம்" என்றார் சதுரடி.

மாமா கைப்பிடியைக் காட்டி, மேலே என்று சைகை செய்தார். கடைசி மாடியின் படிகளில் இடது காலை வலது கையால் தூக்கித் தூக்கி வைத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தாள். தொடக் கூடாது என்ற விதியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் பிடித்துக்கொள்ளத்தான் அவள் கை துடித்தது. பிடித்தால் அவர் ஏறியது அத்தனையும் வீணாகிவிடுமே என்று பிடிக்காமல் வந்தாள்.

நாலாவது மாடியில் நாற்காலி போட்டுச் சங்கம் உட்கார்ந்திருந்தது. மாமா கடைசிப் படியில் காலை வைத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இதுதான் சமூகம்! ஒரு மனுஷன் நினைச்சா முடியாதது எது? ஏற முடியாது, ஏற முடியாதுன்னு எங்களையும் நம்ப வெச்சீங்களே! எவ்ளோ அழகா ஏறி வந்திருக்கார் பாருங்க. இந்த வளாகத்துக்கு இப்படிப்பட்டவங்கதான் வேணும். மேடம், முடிவைச் சொல்லுங்க."

செயலாளர் அம்மா எழுந்து நின்றார்.

"அறிமுகச் சுற்று வெற்றி. விண்ணப்பதாரர் எந்த உதவியும் இல்லாம நாலு மாடி ஏறும் திறன் உள்ளவர்னு சங்கம் நேரடியா கண்டறிஞ்சிருக்கு. தரைத் தள வீடுகள் மாடி ஏற முடியாதவங்களுக்கு மட்டும்ங்கற உபவிதிப்படி, அந்த வீட்டுக்கு இவர் தகுதி இல்லாதவர் ஆகறார்."

மாமாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு லேசாக முகம் சுளித்தார்.

"வருத்தப்படாதீங்க. இந்த மாடியிலயே ஒரு வீடு சீக்கிரம் காலியாகும். நல்ல காத்து" என்றார் தலைவர்.

"அடப் பாவிங்களா" என்றாள் அக்கா. "நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா? அவரை ஏற வெச்சதே நீங்கதானே! மூணு மாடி ஏறி வந்து பேச்சு வராம தண்ணிக்குக் கையைக் காட்டினீங்களே, மறந்துபோச்சா?"

உரத்த குரலில் பேசியது ஒலிக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோகப்படும் என்றார் செயலாளர் அம்மா. சதுரடி என்னென்னவோ சொன்னார். காலைப் பிடிக்கிறேன் என்றார், பிடிக்கவும் போனார். தலைவர் காலை இழுத்துக்கொண்டு அவரைத் தோளில் தட்டி ஓரமாகக் கூட்டிப் போனார். மனம் இறங்கிவிட்டார் என்று சதுரடி நினைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தனி வீடா ஏதாவது வந்தா எனக்குச் சொல்லுங்க. சுத்தி ஒரு ஆள் இருக்கக் கூடாது. இவங்க கூட என்னால முடியலைங்க" என்று தலைவர் காதோடு சொன்னார்.

லிஃப்ட் வந்தது. சங்கம் உள்ளே ஏறியது. மாமாவையும் கூட்டிக்கொள்ளச் சொன்னார் சதுரடி. லிஃப்ட் குடியிருப்போருக்கு மட்டும் என்று செயலாளர் அம்மா நினைவூட்டினார், கதவு மூடிக்கொண்டது. மேலே ஏறுவதற்குத்தான் விதிகள் இருந்தன, இறங்குவதற்கு ஒரு விதியும் இல்லாததால் மாமாவும் மற்ற இருவரும் இஷ்டம் போல இறங்கிக்கொள்ளலாம்.

மாமா உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினார். சதுரடி கீழே இருந்து அவர் காலைத் தாங்கினார், அக்கா பின்னால் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நல்ல சட்டை முழுக்கத் தூசி. தரைத் தளத்துக் காலி வீட்டைக் கடக்கும்போது மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சதுரடிதான் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வாடகை வண்டி அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. மாமா கைப்பிடியைப் பற்றி முதல் படியில் வலது காலை வைத்தார். இடது கால் வரவில்லை. கையால் தூக்கி வைத்தார், வைத்த இடத்தில் நிற்காமல் துவண்டு விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினார். அவ்வளவுதான், அந்தக் காலில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அந்த வளாகத்துப் படிகளில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"முதுகுல ஏறிக்கங்க மாமா" என்று சதுரடி குனிந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலி தூக்குகிறவர்களுக்குப் போன் செய்தார். இன்றைக்கு ஆள் இல்லை, காலையில் பார்க்கலாம் என்றார்கள். அக்கா கட்டடத்தின் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

மாமா கீழ்ப்படியில் உட்கார்ந்து காலைத் தரையில் நீட்டிக்கொண்டார்.

"விடு மச்சான். தரைத் தளம்தானே கேட்டேன், கிடைச்சிடுச்சு" என்றார்.

சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் கோணி அழுகையாகிவிட்டது. கண்டக்டராக இருந்த காலத்திலும் சரி, படுக்கையில் விழுந்த பிறகும் சரி, அவர் அழுது சதுரடி பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சதுரடியின் தோள் பையில் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் சாவிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. எல்லாம் நல்ல வீடுகள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் இருந்தது.

"ராத்திரிக்கு அவருக்குத் தலையணை வேணும்" என்று சொல்லிவிட்டு அக்கா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.